முப்பத்தாறாவது ஃபிரேமில் பச்சைப் புள்ளிகள்

1. கறுப்பாக வர வேண்டிய ரோல்

லைட் டேபிளின் மேல் கஸ்தூரி அந்த ஃபிலிமைப் பரப்பியபோது திங்கட்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். எங்கள் ஆலையில் தயாரான முதல் நூறு ரோல்களில் அதுவும் ஒன்று. கேமராவில் போடாமல், ஒரு படமும் எடுக்காமல் நேராக டெவலப் செய்து பார்த்திருந்தோம். ஸ்லைடு ஃபிலிமை அப்படிச் செய்தால் அது முழுக்கக் கறுப்பாக வர வேண்டும். வெளிச்சம் படாத இடம் கறுப்பு, அவ்வளவுதான்.

கறுப்பாகத்தான் வந்திருந்தது, கடைசி அரை சாண் நீளத்தைத் தவிர. அங்கே மங்கலாகச் சில புள்ளிகள் வரிசையாக நின்றன. படம் எடுத்திருந்தால் முப்பத்தைந்தாவது, முப்பத்தாறாவது ஃபிரேம் வந்திருக்கும் இடம் அது.

"இன்னா மேடம் இது, மறுபடியும் வந்துகினு கீது," என்றாள் கஸ்தூரி. குவாலிட்டி அவள் பொறுப்பு. படப்பைக்காரி, எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாதவள்.

"எத்தனை ரோல்ல?"

"பாத்த வரைக்கும் இருபதுல ஆறு. எல்லாத்துலயும் அதே எடம்."

வெள்ளிக்கிழமை மாலை கூரியர் வண்டி வருகிறது. ஐரோப்பாவில் ஒரு ஃபிலிம் வியாபாரி ஐம்பது ரோல் கேட்டிருந்தார். அவருக்குத் தெரிந்த போட்டோகிராஃபர்கள் அதில் படம் எடுத்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றால் ஆர்டர். இல்லையென்றால் இந்த லைனை நிறுத்திவிட்டு, பழையபடி லேபிள் ஒட்டும் ஃபிலிமையே ஓட்டுவது என்று முதலாளி ரகு சார் முன்கூட்டியே சொல்லியிருந்தார். முப்பது பேருக்கு மேல் இந்த லைனை நம்பி வந்திருந்தோம்.

2. இந்தக் காலத்தில் யார் வாங்குகிறார்கள்?

என் பெயர் கோமளா. மறைமலை நகர் பக்கம் ஒரு எக்ஸ்ரே ஃபிலிம் கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் இருட்டறையில் ஃபிலிம் வெட்டிக் கட்டியவள். ஆஸ்பத்திரிகள் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியதும் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். பிறகு ஒரகடத்தில் டேப் செய்கிற கம்பெனியில் கோட்டிங் லைன் பார்த்தேன். ரகு சார் அங்கேதான் என்னைப் பிடித்தார். அவர் கார் கம்பெனிகளுக்கு லேபிள் செய்து கொடுக்கிறவர். கழுத்தில் எப்போதும் ஒரு பழைய கேமரா தொங்கும்.

"மேடம், கலர் ஸ்லைடு ஃபிலிம் பண்ணப் போறேன். இருட்டுல வேலை தெரிஞ்சவங்க எனக்கு வேணும்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனில் ஒரு நாளைக்கு நூறு படம் எடுக்கிற காலத்தில் முப்பத்தாறு படத்துக்கு ஒரு ரோலா? கம்பெனி பஸ் டிரைவர்கூட ஒருநாள் விடாமல் கேலி செய்வார். "இன்னா மேடம், இன்னும் ரோல் சுத்திகினு கீறீங்களா? அடுத்தது இன்னா, டைப்ரைட்டரா?" என்பார்.

ஆனால் வாங்குகிறவர்கள் இருந்தார்கள். சென்னையிலேயே சின்னப் பிள்ளைகள் பழைய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தார்கள். நெகட்டிவ் ஃபிலிம் ஓரளவு கிடைத்தது. ஸ்லைடு ஃபிலிம்தான் தட்டுப்பாடு. நெகட்டிவில் நிறமெல்லாம் தலைகீழாக இருக்கும், பிரிண்ட் போட்டால்தான் முகம் முகமாகத் தெரியும். ஸ்லைடு அப்படி இல்லை. சிவப்பைப் பார்த்தால் ஃபிலிமிலேயே சிவப்பு, பச்சையைப் பார்த்தால் பச்சை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்ததால்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

இந்த ஃபிலிமில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துக்கு மேற்பட்ட லேயர். ஒன்று கொஞ்சம் தடித்தாலும் வானம் ஊதாவாகிவிடும். முதல் ஒன்பது மாதத்தில் நாங்கள் கொட்டிய குப்பையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஒரு பேட்ச் முழுக்க மஞ்சள். இன்னொன்றில் மனிதர்களெல்லாம் காமாலை வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். பத்தாவது மாதம்தான் சிவப்பு சிவப்பாக வந்தது. அன்று ரகு சார் கேன்டீனில் எல்லோருக்கும் பாதாம் அல்வா வாங்கி வைத்தார். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் இந்தப் புள்ளிகள் வந்தன.

3. "லைட்டு எப்ப ஆஃப் பண்ணுவீய?"

கோட்டிங் முடிந்த ஃபிலிமை அகல ரோலிலிருந்து பட்டை பட்டையாக வெட்டி, ஓரத்தில் ஓட்டை போட்டு, கடைசியாக ஸ்பூலிங் அறைக்கு அனுப்புவோம். அங்கே ஒரு ஆள் அளவாக ஃபிலிமை வெட்டி, மேஜையில் நீட்டி, வால் பக்கத்தை ஸ்பூலில் டேப் போட்டு ஒட்டி, சுற்றி, டப்பாவுக்குள் அடைத்து மூடி அழுத்துவார். எல்லாம் கும்மிருட்டில். சிவப்பு பல்புகூடக் கூடாது. கலர் ஃபிலிமுக்கு எந்த வெளிச்சமும் ஆகாது.

அந்த வேலைக்கு ஆள் எடுக்க இருட்டறையிலேயே இன்டர்வியூ வைத்தேன். பழைய பாழான ஃபிலிமைக் கையில் கொடுத்து, கதவைச் சாத்தி, சுற்றச் சொல்வேன். ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் ஐந்து நிமிடத்தில் வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்கள். ஒருவன் உள்ளே யாரோ மூச்சு விடுகிறார்கள் என்றான். அது நான்தான்.

அருள்தாஸ் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். ஏழு வயதில் காய்ச்சலில் பார்வை போய்விட்டது. நாற்காலிக்கு வயர் பின்னுகிற வேலை செய்துகொண்டிருந்தார். வயர் நாற்காலியை இப்போது யார் பின்னச் சொல்கிறார்கள்? அவர் மனைவி ஜெயசீலிக்குப் படப்பையில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் சமையல் வேலை கிடைத்து, இருவரும் இங்கே வந்திருந்தார்கள்.

நான் ஃபிலிமைக் கொடுத்து ஒருமுறை கையைப் பிடித்துக் காட்டினேன். விளக்கை அணைத்தேன். இரண்டு நிமிடம் கழித்து மூடிய டப்பாவை என் பக்கம் நீட்டினார்.

"மேடம், லைட்டு எப்ப ஆஃப் பண்ணுவீய?"

"அப்பவே அணைச்சாச்சுங்க."

"அப்படியா? சரி சரி."

அன்றே சேர்த்துக்கொண்டேன். மாதச் சம்பளமும் அடையாள அட்டையும் அவருக்கு அதுதான் முதல்முறை. அந்த அட்டையை ஞாயிற்றுக்கிழமைகூடக் கழற்ற மாட்டேன் என்கிறார் என்று ஜெயசீலி சொல்லிச் சிரித்தாள்.

மற்றவர்களெல்லாம் பருத்தி கிளவுஸ் போட வேண்டும். அருளுக்கு மட்டும் நான் விலக்குக் கொடுத்தேன். விரல்தானே அவருக்கு எல்லாம். ஒருநாள் அவர் என்னிடம் வந்து, "மேடம், ஃபிலிமு சுருண்டுக்கிடுது. மேல வைக்க ஸ்டீல் ஸ்கேல் குடுத்தீய, அது கீறுது. வேற ஏதாச்சும் வச்சுக்கிடட்டா?" என்று கேட்டார். எனக்கு அன்று டிரையரில் பிரச்சினை. "எதையாவது வெச்சுக்கோங்க அருள், கீறாம இருந்தா சரி," என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனேன். எதை வைக்கிறீர்கள் என்று நின்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

4. விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தது

திங்கள் மதியத்திலிருந்து தேடினோம். முதலில் டப்பாவின் வாயில் இருக்கும் வெல்வெட் துணிமேல் சந்தேகப்பட்டேன். அது வழியாக வெளிச்சம் கசிந்தால் ரோலின் தலைப்பக்கம்தான் கெடும், வால் பக்கம் கெடாது. கோட்டிங் மெஷினின் ரோலரில் ஏதாவது ஒட்டியிருந்தால் புள்ளி குறிப்பிட்ட இடைவெளியில் ஃபிலிம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். இது வாலில் மட்டும் வருகிறது. பட்டையாக வெட்டிய ஃபிலிமை ஸ்பூலிங் அறைக்குப் போகும் முன்னேயே எடுத்து டெவலப் செய்தோம். சுத்தமான கறுப்பு. இருந்தாலும் என் மெஷினைப் பிரித்து மேய்ந்துவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

ஆக, ஸ்பூலிங் அறை. கதவு இடுக்கில் வெளிச்சம் வரலாம். செவ்வாய்க்கிழமை காலை அருளைக் கூப்பிட்டு, "நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க, நான் கொஞ்சம் உள்ள இருக்கணும்," என்றேன்.

"நானும் இருக்கட்டா மேடம்? இருட்டுல முட்டிக்கிடாம."

"வேணாம், நீங்க போங்க."

அவரை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவோரம், கூரை, ஏ.சி. குழாய் வருகிற ஓட்டை, மேஜைக்கு அடியில் எல்லாம் பார்த்தேன். ஊசிமுனை வெளிச்சம் இல்லை. வெளியே வந்து லாக் புக்கில் 'அறை சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு அறையில் தப்பு நடக்கிறதா என்று பார்க்க, அங்கே எப்போதும் இருக்கிற ஆளை வெளியே அனுப்பிவிட்டுப் பார்த்தவள் நான். முப்பது வருட அனுபவம்.

அன்று மாலை கஸ்தூரி ஒரு காகிதத்தை நீட்டினாள். மீதி ரோல்களையும் டெவலப் செய்து, புள்ளி விழுந்தவற்றின் வரிசை எண்களை எழுதியிருந்தாள். காலையில் முதல் ஐந்தாறு ரோல். அப்புறம் சுத்தம். டீ பிரேக்குக்குப் பிறகு ஐந்தாறு. அப்புறம் சுத்தம். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி ஐந்தாறு.

"பிரேக் வுட்டு வந்ததும் வருது மேடம். அப்பால தானா பூடுது."

அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது.

5. என் கண்டுபிடிப்பு

கேன்டீனில் காலை டீக்கு மெதுவடையோ பஜ்ஜியோ உண்டு. சாப்பிட்ட கை. கிளவுஸ் இல்லை. எண்ணெய்ப் பசையும் உப்பும் ஃபிலிமில் அழுந்தினால் அடையாளம் விழும், எக்ஸ்ரே காலத்தில் நான் பார்த்ததுதான். ஐந்தாறு ரோல் சுற்றுவதற்குள் கை தானாகத் துடைபட்டுவிடும், புள்ளியும் நின்றுவிடும். டேப் ஒட்டுகிற வால் பக்கத்தில்தான் அழுத்திப் பிடிக்க வேண்டும். புள்ளிகளை எண்ணினேன். பத்து. மனிதனுக்கு விரல் பத்து. தள்ளி இன்னொன்று மங்கலாகத் தெரிந்தது. அது ஏதோ தூசி என்று விட்டுவிட்டேன்.

எல்லாம் பொருந்தியது. அந்த நிமிடம் எனக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. கெட்டது என் மெஷின் இல்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

புதன்கிழமை காலை ரகு சாரிடம் சொன்னேன். அவர் கேமராவைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கிளவுஸ் போட்டுச் செய்யச் சொல்லலாமா?"

"கிளவுஸ் போட்டா அவருக்கு ஓரம் தெரியாது சார். ரெண்டு நாளைக்குள்ள பழக முடியாது."

"அப்ப வேற யாரு சுத்துவா?"

"நானே சுத்தறேன்."

"சரி மேடம். அருளை நாளைல இருந்து பேக்கிங்ல போடுங்க."

பேக்கிங்கில் டப்பாவின் பேட்ச் நம்பரைப் படித்து, அட்டைப் பெட்டியின் நம்பரோடு ஒப்பிட வேண்டும். அது அருளால் முடியாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வாரம் உட்கார வைத்துவிட்டு, பிறகு வேலை இல்லை என்று சொல்வதற்குப் பெயர்தான் அந்தப் பேக்கிங். தெரிந்தே தலையை ஆட்டினேன்.

6. பதினோராவது விரல்

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அருளைக் குவாலிட்டி அறைக்குக் கூப்பிட்டேன். ரகு சாரும் கஸ்தூரியும் இருந்தார்கள். அருள் வழக்கம்போலக் கையில் தன் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்து நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். கழுத்தில் போடுகிற பெரிய மாலை இல்லை, உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன மாலை. பால் நிறத்தில் பிளாஸ்டிக் மணிகள், முனையில் இரும்புச் சிலுவை. கேன்டீனில் தினமும் பார்ப்பதுதான்.

"அருள், நாளைக்கு நீங்க ஸ்பூலிங் வேணாம். பேக்கிங்குக்குப் போங்க."

மாலையை உருட்டுவது நின்றது. "ஏன் மேடம்?"

"ரோல்ல உங்க விரல் பட்டிருக்கு."

"எந்த எடத்துல?"

"டேப் ஒட்டுற பக்கம்."

"எத்தன விரலு?"

"பத்து. வரிசையா."

அவர் இரண்டு கைகளையும் தூக்கி மேஜைமேல் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தார். "பத்து விரலையும் இப்படி வச்சா டேப்ப யாரு மேடம் ஒட்டுவா? ஒரு கையில டேப்பு இருக்கும்லா?"

நானும் என் கைகளை மேஜைமேல் வைத்துப் பார்த்தேன்.

"கோவிச்சுக்கிடாதீய. எனக்காக இன்னொரு தடவ சரியா எண்ணிச் சொல்லுங்க."

கஸ்தூரி லைட் டேபிளைப் போட்டுக் குனிந்தாள். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினாள். "...ஒம்பது, பத்து. அப்பால கொஞ்சம் கேப்பு. அப்பால ஒண்ணு."

"பதினொண்ணா?"

"ஆமாண்ணா. பதினொண்ணு."

"எனக்கு விரலு பத்துதான். பதினோராவது யாரு விரலு?" என்றார் அருள். ரகு சார் சிரித்துவிட்டார். அருள் சிரிக்கவில்லை. அவர் கட்டைவிரல் மாலையில் மெல்ல நகர்ந்தது. பத்து மணிகள். கொஞ்சம் வெறும் சங்கிலி. பிறகு ஒரு மணி.

அந்த நேரத்தில் அவர் அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பேசாமல் எழுந்து போயிருக்கலாம். எங்களில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவர் மாலையை நீட்டிப் பிடித்து மேஜைமேல் வைத்தார்.

"கஸ்தூரி, இத அந்தப் புள்ளி மேல வச்சுப் பாரும்மா."

வைத்தாள். ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு புள்ளியின்மேல் போய் உட்கார்ந்தது. பதினொன்றும்.

"இததான் மேடம் நான் வெயிட்டுக்கு வைக்கது. பிளாஸ்டிக்கு, கீறாது. சிலுவ கனமா இருக்கும், சுருளாது. ஸ்கேல் கீறுதுன்னு உங்ககிட்ட சொன்னேன்லா?"

சொன்னார். எதையாவது வைத்துக்கொள்ளச் சொன்னவள் நான்தான்.

"ஆனா பிளாஸ்டிக் பட்டா புள்ளி விழாதே," என்று ரகு சார் குனிந்து பார்த்தார். கண்ணாடி லென்ஸை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "மேடம், இது என்ன கலர்?"

மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்போதுதான் பார்த்தேன். இளம் பச்சை. எண்ணெயோ வியர்வையோ பட்ட அடையாளம் பச்சையாக வராது. ஸ்லைடு ஃபிலிம் பச்சையைப் பார்த்தால்தான் பச்சையைக் காட்டும்.

"அருள், இந்த மாலை இருட்டுல எரியுமா?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படி மேடம் தெரியும்?" என்றார்.

அருளே போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏ சீலி, இந்த ஜெபமால இருட்டுல எரியுமா?"

"எரியும்லா. திருவிழாக் கடையில எரியுறதாப் பாத்துதான் வாங்குனேன்," என்றாள் ஜெயசீலி. பின்னால் மெஸ் பாத்திரங்களின் சத்தம் கேட்டது. "கரண்டு போனா நீங்க பாட்டுக்கு நடந்துக்கிட்டு இருப்பீய. நான்லா வந்து உங்க மேல முட்டுதேன். இது கையில இருந்தா எங்க நிக்கீயன்னு தெரியும்."

"என்கிட்ட சொல்லவே இல்லியே?"

"அது எனக்குத்தானே, உங்களுக்கு அதுல என்ன இருக்கு? ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. வந்து சொல்லுதேன்."

நால்வரும் உடை மாற்றும் அறைக்குப் போனோம். அங்கே இரண்டு டியூப்லைட் உண்டு. மாலையை ஒரு நிமிடம் அதன் கீழே பிடித்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

"யம்மாடி!" என்றாள் கஸ்தூரி.

பதினொரு மணியும் பச்சையாக எரிந்தன. அருளின் உள்ளங்கை ரேகைகூடத் தெரிந்தது. வெளிச்சத்தில் காட்டினால் குடித்துக்கொண்டு இருட்டில் உமிழ்கிற மணி. சைக்கிளிலும் ஹெல்மெட்டிலும் ரேடியம் என்று ஒட்டுவார்களே, அந்த ஜாதி. கேன்டீன் வெளிச்சத்தில் கையில் உருட்டிவிட்டு உள்ளே போவார். முதல் ஐந்தாறு ரோலுக்கு அது எரியும், பிறகு அணையும். அடுத்த பிரேக்கில் மறுபடியும் ஏறிக்கொள்ளும். ஃபிலிம் அதைப் பதினொரு மணியும் தவறாமல் படம் பிடித்து வைத்திருந்தது. எங்கள் ஆலையின் ஃபிலிமில் விழுந்த முதல் உருப்படியான படம் அதுதான் என்று ரகு சார் இன்றைக்கும் சொல்வார்.

"எப்படி இருக்கு மேடம்?" என்று அருள் இருட்டில் கேட்டார்.

"பச்சையா இருக்கு."

"பச்சன்னா எனக்குத் தெரியும். ஏழு வயசு வரைக்கும் பாத்திருக்கேன். எந்தப் பச்ச?"

"நாத்து நடுறப்ப இருக்குமே, அந்த இளம்பச்சை," என்றேன். அவர் கையை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தார், தெரியாது என்று தெரிந்தும்.

"தப்பு என்னோடதுதான் அருள். என்ன வைக்கிறீங்கன்னு நான் கேட்டிருக்கணும். உங்களை வெளியே அனுப்பிட்டு ரூமைப் பார்த்திருக்கக் கூடாது. விரல்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்க."

"அது கெடக்கட்டும் மேடம். வெள்ளிக்கெழம வண்டி எத்தன மணிக்கு?"

7. வெள்ளிக்கிழமை

வண்டி நாலு மணிக்கு. வியாழக்கிழமை காலை அருள் உள்ளே போகும் முன் கஸ்தூரி ஒரு கறுப்புத் துணிப் பையைக் கொடுத்தாள். விரல் நீளம்தான் இருக்கும். பக்கத்து கம்பெனியில் கெஞ்சி வாங்கிய சின்னப் பேரிங் குண்டுகளை உள்ளே போட்டுத் தைத்திருந்தாள். ஃபிலிம்மேல் வைத்தால் கீறாது, உருளாது, எரியாது. ஸ்பூலிங் மேஜையில் இன்றைக்கும் அதுதான் இருக்கிறது. தயவுசெய்து யாரும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

அருள் எழுபது ரோல் சுற்றினார். கஸ்தூரி நடுவிலிருந்து இருபதை உருவி டெவலப் செய்தாள். இருபதும் தலை முதல் வால் வரை கறுப்பு. வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு ஐம்பது ரோல் கட்டி வாசலுக்கு வந்துவிட்டது. கூரியர் பையன்தான் ஐந்தரைக்கு வந்தான். வண்டலூரில் டிராஃபிக்காம்.

அடுத்த வாரமே ஒரு புது விதி போட்டேன். ஸ்பூலிங் அறைக்கு முன்னால் ஒரு சின்ன இருட்டு அறை. உள்ளே போகிற யாராக இருந்தாலும் அங்கே பார்வை உள்ள ஒருவரோடு ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். முதல் நாளே ரகு சாரின் வாட்ச் முள் எரிந்தது. கஸ்தூரியின் ஹேர் கிளிப் எரிந்தது. அருளின் விரலைக் குறை சொன்ன எனக்கு, என் கண்ணுக்கே படாமல் சேஃப்டி ஷூவின் குதிகாலில் ஒரு பட்டை எரிந்தது. அருள் மட்டும் சுத்தமான இருட்டாக நின்றார். அவருடைய மாலை லாக்கரில் இருந்தது, வீட்டுக்குப் போகும்போது மட்டும் எடுத்துக்கொள்வார். கரண்ட் போனால் ஜெயசீலிக்கு வேண்டுமே.

இரண்டு மாதம் கழித்து ஐரோப்பாவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே அட்டைச் சட்டம் போட்ட ஸ்லைடுகள், ஆர்டர் தாள். பெரிய ஆர்டர் இல்லை, ஆனால் லைன் நிற்காது. ரகு சார் ஒரு ஸ்லைடை எடுத்துக்கொண்டு நேராக அருளிடம் வந்தார். வேண்டுமென்றே ரோலின் கடைசிப் படத்தைத் தேடி எடுத்திருந்தார்.

"இது முப்பத்தாறு," என்று அருளின் கையில் வைத்தார். அருள் அதன் அட்டை ஓரத்தைத் தடவிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"என்ன படம் மேடம்?"

லைட் டேபிளில் வைத்துப் பார்த்தேன். "கடல் அருள். நீலமா, நல்லா வந்திருக்கு."

"என்ன நீலம்? காலையில உள்ளதா, மத்தியானத்துல உள்ளதா?"

தூத்துக்குடிக்காரரிடம் வெறுமனே நீலம் என்று சொன்னால் எப்படி? லென்ஸை வைத்து மறுபடியும் பார்த்தேன், இந்த முறை அவசரப்படாமல்.

"மத்தியானம். தூரத்துல கருநீலம். கிட்ட வர வரப் பச்சை கலந்திருக்கு. கரையோரம் அலை வெள்ளையா உடையுது. ஒரு போட் இருக்கு, சிவப்பு."

அவர் ஸ்லைடைத் திரும்ப வாங்கி, அட்டை ஓரத்தை இன்னொருமுறை தடவிப் பார்த்தார்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பாடமும் சேர்த்து எழுதுங்கள் என்று கம்பெனியில் கேட்டார்கள். என் பாடம் சின்னது. உங்கள் கண்ணில் படுவதைப் பக்கத்தில் இருப்பவருக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் என்ன செய்கிறார் என்று நின்று கேளுங்கள். கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு மனிதனின் வேலையையே பணயம் வைத்துத் தெரிந்துகொண்டேன்.

நான் ஓய்வுபெற்ற அன்று கடைசியாக அந்த இருட்டு அறையில் நின்றது அருளோடுதான். ஐந்து நிமிடம் ஆனதும், தினமும் கேட்பதைக் கேட்டார்.

"மேடம், என் மேல ஏதாச்சும் எரியுதா?"

"இல்ல அருள். நல்ல இருட்டு."

"அப்ப உள்ள போறேன்," என்று கதவைத் திறந்தார்.